எட்டு நாளுக்கு முந்தைய இரவு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
டயர் கடையின் மேல்மாடியில் என் மேசை.
சன்னல் வழியே,
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலைக்குத் திரும்பும் முனை தெரியும்.
திரும்பும்போது ஒன்றிரண்டு பழம் உதிரும்.
அதை யாரும் எடை போடுவதில்லை.

ஆலையில் மூன்று குழு.
சிவப்பு பூச்சியம், பச்சை ஒன்று, மஞ்சள் இரண்டு.
ஜனவரி முதல் தேதி இரவு சிவப்பு,
மறுநாள் பச்சை, அடுத்து மஞ்சள்,
திரும்பவும் சிவப்பு.
எந்த இரவு யாருடையது என்று கேட்டால்
நாளை மூன்றால் வகு, மீதியைச் சொல்.
நான் எழுதிக் கொடுத்த நிரல் அவ்வளவுதான்.
எண்ணூறு வெள்ளி வாங்கினேன்.

முதலில் பைத்தானில் எழுதினேன்.
கோலாலம்பூர் தலைமையகம் ஜாவாவில்தான் வேண்டும் என்றது.
வரிக்கு வரி மாற்றினேன்.
வகுத்தல் எங்கும் வகுத்தல்தானே.

மார்ச்சில் கிராணி தேவசகாயம் படியேறி வந்தார்,
கையில் சொக்சோ கடிதம்.
"பெருமாயிக்கு விரல் போன ராத்திரி
அவ வேலையிலயே இல்லன்னு சொல்லுதும்மா
உங்க கம்ப்யூட்டர்."
எந்த ராத்திரி?
"டிசம்பர் இருபத்து நாலு.
நான் கோயில்ல இருந்தேன்.
மணி அடிக்கும்போதுதான் போன் வந்துச்சு."

பெருமாயி பச்சை.
திரை மஞ்சள் என்றது.

ஜனவரி ஒன்றிலிருந்து பின்னால் எட்டு நாள்:
கழித்தல் எட்டு.
கடையில் எட்டு வெள்ளி கடன்,
தவணைக்கு மூன்று வெள்ளி என்று வையுங்கள்.
ஜாவா இரண்டு தவணை கட்டும்,
இன்னும் இரண்டு பாக்கி என்று எழுதிவிட்டு
அதோடு நின்றுகொள்ளும்.
சி மொழிக்கும் அதே புத்தி.
பைத்தான் மூன்றாம் தவணையையும் நீட்டி
ஒரு வெள்ளி சில்லறை கேட்கும்.
இரண்டும் நேர்க்கணக்கு.
கடைக்காரர் எதையும் மறுக்க முடியாது.
ஹாஸ்கல் என்று ஒரு மொழி
இந்த இரண்டு மீதிக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது.
நமக்கு மீதி என்றால் மீதி.

சில்லறை ஒன்று என்றால் பச்சை.
பாக்கி இரண்டு என்றால்,
கழித்தல் இரண்டாம் குழு
எந்தப் பெரட்டிலும் வந்து நின்றதில்லை.

மொழிமேல் பழி போட்டு
தேவசகாயத்தை அனுப்பியிருக்கலாம்.
தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.
ஆனால் ஜாவா பொய் சொல்லவில்லை.
கழித்தல் இரண்டைக் கண்டதும்
நிரல் தடுக்கி விழுந்தது,
திரை முழுக்கச் சிவப்பில் கத்தியது,
ஜனவரியில் ஒரு மாலை,
ஆறரைப் பேருந்துக்குப் பத்து நிமிடம் இருந்தபோது.
நான் குறியை மட்டும் உரித்து எறிந்தேன்.
அதற்கு ஒரே ஒரு சொல் போதும்.
இரண்டு. மஞ்சள்.
கத்தல் நின்றது.
பேருந்தில் உட்கார இடமும் கிடைத்தது.

மூன்று நாளுக்கு ஒரு நாள்
அந்தப் பொய் சரியாகவே வந்தது.
அதனால்தான் யாரும் கேட்கவில்லை.

தேவசகாயம் எதிரில் உட்கார்ந்திருக்க
மூன்றைக் கூட்டினேன்,
திரும்ப மூன்றால் வகுத்தேன்.
ஒரு வரி.
டிசம்பர் பச்சைக்குத் திரும்பியது.
அந்த இரவின் மிகைநேரக் காசு
மஞ்சள் குழுவின் ரஃபிகுலுக்குப் போயிருந்ததும் தெரிந்தது.
அடுத்த மாதம் அதைப் பிடிப்பார்கள்.
இதற்கும் நான்தான் காரணம்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

புதிய தாளில் கையெழுத்துப் போட
பெருமாயி வந்தார்.
நாற்காலியில் உட்காரவில்லை.
நான் விளக்கத் தொடங்கினேன்,
கழித்தல் குறி, மீதி, மொழி.
அவர் குறுக்கே பேசவில்லை, கேட்கவுமில்லை.
வருசப் பிறப்பிலிருந்து பின்னால்
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்,
முதலில் இடக்கை, பிறகு வலக்கையில் இருந்ததை.

மஞ்சள், பச்சை, சிவப்பு,
மஞ்சள், பச்சை,
சிவப்பு, மஞ்சள்.

பச்சை என்றபோது
விரல் தீர்ந்திருந்தது.